எந்த வழிமுறையை மேலெழுத விடலாம்? தேயிலை ஆலையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தாய் இனக்குழுவின் ஒரு வழிமுறையைச் சேய் இனக்குழு மாற்றி எழுதிக்கொள்வதே மேலெழுதல், அதாவது ஓவர்ரைடு. பாடநூல்கள் இதை எப்படிச் செய்வது என்று கற்பிக்கின்றன. எதைச் செய்ய விடக்கூடாது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. விலங்கு ஒலி எழுப்பும், நாய் குரைக்கும் என்ற பழகிய எடுத்துக்காட்டில் எதை மாற்றினாலும் எதுவும் கெடாது. குறை அங்கேதான் இருக்கிறது.

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை ஆலையை நிரலாக எழுதிப் பார்க்கலாம். கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, தரம் பிரிக்கிறார்கள். கறுப்புத் தேயிலைக்கு இந்த வரிசை மாறாது. ஆகவே ஐந்தையும் முறைப்படி அழைக்கும் தயாரி() வழிமுறையை ஜாவாவில் ‘ஃபைனல்’ என்று பூட்டிவிட வேண்டும். உருட்டு() திறந்திருக்கலாம். ஆர்த்தடாக்ஸ் முறையில் இயந்திரம் இலையை முறுக்கும், சி.டி.சி. முறையில் பல் வைத்த உருளைகள் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். வேலையே வேறு. வாட்டு() அப்படியல்ல. சி.டி.சி.க்கு இலையில் ஈரம் சற்றுக் கூடுதலாக நிற்க விடுவார்கள், அவ்வளவுதான். அது வெறும் எண். அளபுருவாக அனுப்பினால் போதும்.

கிரீன் டீயில் நொதித்தலே இல்லை. தொடக்கத்திலேயே இலையைச் சூடேற்றி நொதிகளை முடக்கிவிடுகிறார்கள். நொதிக்கவை() வழிமுறையை வெறுமையாக மேலெழுதித் தப்பிக்கத் தோன்றும். ஆனால் வரிசையே வேறாக இருக்கும்போது அங்கே மரபுரிமமே பொருந்தவில்லை. தனி இனக்குழுதான் வேண்டும்.

கொழுந்து எடையில் ஆபத்து இன்னும் பெரிது, ஏனெனில் சிறு விவசாயிக்குக் கிலோ கணக்கில்தான் பணம். சேர்() ஒரு மூட்டையையும், மொத்தமாகச்சேர்() பல மூட்டைகளையும் பதிகின்றன. இரண்டாவது, உள்ளுக்குள் முதலாவதையே அழைக்கிறது என்று கொள்வோம். இதை அறியாமல் சேய் இனக்குழு இரண்டையும் மேலெழுதி எடையைக் கூட்டினால், 20 கிலோ மூட்டைகள் மூன்றுக்கு 60 அல்ல, 120 கிலோ பதிவாகும். சரி, சேர்() ஒன்றில் மட்டும் கூட்டலாம் என்றால், தாய் இனக்குழுவை எழுதியவர் நாளை அந்த உள் அழைப்பை நீக்கியதும் கணக்கு 0 கிலோ ஆகிவிடும். இந்த வகைப் பிழையைத்தான் ஜோஷுவா பிளாக் ‘எஃபெக்டிவ் ஜாவா’ (2001) நூலில் ஹாஷ்செட்டைக் கொண்டு காட்டினார். மரபுரிமத்துக்கென வடிவமைத்து ஆவணப்படுத்து, இல்லையேல் தடைசெய் என்பது அவர் முடிவு. இங்கே இரண்டையும் பூட்டிவிட்டு, மூட்டை பதிவானதும் ஒருமுறை மட்டும் அழைக்கப்படும் மூட்டைவந்தது() என்ற வெற்று வழிமுறையைத் திறந்து வைப்பது மேல்.

மொழிகள் இதில் ஒத்துப்போவதில்லை. ஜாவாவில் சாதாரண வழிமுறைகள், பூட்டாவிட்டால், திறந்தே கிடக்கும். சி++, சி# இரண்டிலும் ‘வெர்ச்சுவல்’ என்று எழுதினால்தான் திறக்கும். 2016-இல் 1.0 பதிப்பு கண்ட கோட்லினில் இனக்குழுவுக்கும் வழிமுறைக்கும் தனித்தனியே ‘ஓப்பன்’ தேவை. ஜாவாவின் இயல்பிருப்பு தவறான பக்கம் சாய்ந்தது என்றே சொல்ல வேண்டும். பூட்டியதை அடுத்த பதிப்பில் திறந்தால் பொதுவாக யாருக்கும் இழப்பில்லை. திறந்ததைப் பூட்டினால், மேலெழுதிய எல்லோருடைய நிரலும் தொகுக்க மறுக்கும்.

எதிர்வாதமும் உண்டு. ஸ்பிரிங் போன்ற கட்டமைப்புகள் ஓடும்போதே சேய் இனக்குழுக்களை உருவாக்குகின்றன; பூட்டு அவற்றுக்கு இடைஞ்சல். அதற்காகவே கோட்லினுக்கு ‘ஆல்-ஓப்பன்’ என்ற செருகுநிரல் வந்தது. இடைஞ்சல் உண்மைதான். ஆனால் அது கருவியின் தேவை. உருட்டு() திறந்திருப்பதோ ஆலையின் தேவை.