அலங்கரித்த அறைகளும் அழியும் லயங்களும்

நூலையும் நாடகத்தையும் விமர்சனம் செய்வதுபோல், பிறர் காண்பதற்கென அலங்கரித்து வைத்த அறைகளையும் விமர்சனம் செய்யலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். செய்யலாம் என்பதே நமது கருத்து. எதை வைத்தார்கள், எதை மறைத்தார்கள், யார் பார்ப்பதற்காக வைத்தார்கள் என்னும் கேள்விகள் அறைக்கும் உரியனவே. சிங்கப்பூர்ச் சைனாடவுனிலும் அதன் ஓரத்திலும் அத்தகைய வீடுகள் இரண்டு உள. ஒன்று செல்வர் வாழ்ந்தது. மற்றொன்றில் ஏழைகள் நெருங்கிக் கிடந்தனர். தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நாம் இரண்டையும் ஒரே நாளில் கண்டோம்.

முதலாவது, நீல் ரோட்டில் 157-ம் எண்ணுள்ள பாபா வீடு. கப்பல் வாணிபம் செய்த வீ குடும்பத்தாரின் பூர்வீக இல்லமாகிய இது 1890-களில் கட்டப்பட்டது. துன் டான் செங் லொக்கின் நினைவாக அவர் புதல்வியார் ஆக்னெஸ் டான் வழங்கிய நன்கொடையைக் கொண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இதனைப் பெற்று, பழுது நீக்கி, 2008-ல் திறந்தது. 1928-ஐ ஒட்டிய காலத்தில் அவ்வீடு எப்படி இருந்திருக்குமோ அப்படியே கீழ்த்தளமும் முதல் மாடியும் அமைக்கப்பட்டுள்ளன.

முகப்பின் நீலமும், பீங்கான் துண்டுகளால் இழைத்த மலரும் பறவையும், கூடத்தில் முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலிகளும் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று உண்டு. அதைக் கண்டவுடன் செட்டிநாட்டு வீடுகள் நம் நினைவிற்கு வந்தன. ஆயினும் இவ்வளவு வேலைப்பாட்டினும் நம்மை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, மாடிப் படுக்கையறையின் தரைப்பலகையில் உள்ள ஒரு சிறு துவாரம். வாயிலில் வந்து நிற்பவர் யார் என்பதை மேலிருந்தபடியே அறிவதற்கு அமைத்தது அது. விருந்தினர்முன் இறங்கி வர இயலாத வீட்டுப் பெண்களின் உலகம் அத்துளையளவே என்பதைச் சொல்ல ஒரு பிரசங்கம் வேண்டுவதில்லை. பொன்பூசிய தடுப்புத் திரைக்குக் கிடைக்கும் புகழ் அத்துவாரத்திற்குக் கிடைப்பதில்லை. நாம் அதையே அவ்வீட்டின் முதன்மையான பொருளாகக் கொள்வோம்.

குறை என்னவெனில் அடுக்களை. பாத்திரங்கள் வரிசையாய் இருக்கின்றன; அழகாயும் இருக்கின்றன. அவற்றைத் தேய்த்த கை யாருடையது, அக்கைக்கு உரியவர் எங்கே படுத்துறங்கினார் என்பதை அந்த அறை நமக்குச் சொல்லவில்லை.

அக்கேள்வியோடுதான் பகோடா தெருவிற்கு வந்தோம். அத்தெருவிற்குப் பெயர் தந்தது நம்மவர் கோபுரம் என்பதைச் சைனாடவுனில் உலாவுவோரில் எத்தனை பேர் அறிவர்? 1819-ல் இத்தீவுக்கு வந்து செங்கற்சூளை வைத்த நாராயண பிள்ளை 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயிலின் பக்கவாட்டிலேயே அத்தெரு செல்கிறது. அதில் கடைவீடுகள் மூன்றை இணைத்து 2002-ல் சைனாடவுன் மரபுடைமை நிலையத்தைத் திறந்தனர். கீழே தையற்கடை; மேலே பலகையால் தடுத்த சிற்றறைகள். 1950-களில் அங்கு குடியிருந்த தொழிலாளரின் வாழ்க்கை அவற்றில் காட்டப்படுகிறது. கட்டட வேலை செய்த சம்சுயிப் பெண்களின் சிவப்புத் தலைத்துணி, தகரப் பெட்டி, பாய், பலர் பங்கிட்டுக்கொண்ட ஒரே அடுப்படி ஆகியவற்றைக் கண்டோம்.

இது கற்பனையன்று. பேராசிரியர் சிம்ப்சன் 1907-ல் அளித்த சுகாதார அறிக்கை, ஒளியும் காற்றும் புகாத இத்தகைய அறைகளின் கேட்டை எடுத்துரைத்து, வீடுகளின் பின்னே சந்துகள் திறக்க வேண்டுமென்றது. அரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை பெரிதும் மாறவில்லை என்பதை, அப்பர் நான்கின் தெருவைப் பற்றி பாரிங்டன் கே 1960-ல் வெளியிட்ட நூலில் காணலாம்.

பகோடா தெரு அறைகளில் செயற்கை இல்லாமலில்லை. நாற்றமில்லை, இருமல் இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை. வறுமையைக் குளிப்பாட்டி உட்கார வைத்ததுபோல் ஒரு தோற்றம். வந்தவர்கள் சிரித்த முகத்தோடு அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வதும் நமக்கு உவப்பாக இல்லை. எனினும் ஓர் அறையின் நீள அகலத்தைக் காலால் அளந்து, அதற்குள் எத்தனை உயிர்கள் படுத்தன என்று எண்ணிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு அங்கே வழியிருக்கிறது. பாபா வீடு அழகில் எவ்வளவு உயர்ந்ததாயினும், இக்காரணத்தால் பகோடா தெரு வீட்டிற்கே நாம் முதலிடம் தருவோம். நாம் கண்ட அறைகளில் தமிழன் அறை ஒன்றும் இல்லை. சீனர் குடியிருந்த வீட்டில் அதை எதிர்பார்ப்பது நியாயமுமன்று.

அதை நாமன்றோ செய்ய வேண்டும்! மலாயாத் தோட்டங்களில் ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்பிற்கு விற்கப்பட்டன, லயங்கள் இடிந்தன. துரைமார் பங்களாக்களுக்கோ வேறு கதி. இலங்கை மலைநாட்டில் அவை வண்ணம் பூசி, மெத்தை விரித்து, செல்வர் தங்கும் விடுதிகளாய் விளங்குகின்றன. ஆனால் அதே மலைநாட்டில், கம்பளையை அடுத்த ஓல்ட் பீகாக் தோட்டத்தில், பழைய லயத்து அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007-ல் அமைத்தார்கள். ஆகவே இது ஆகாத காரியம் என்று எவரும் சொல்வதற்கில்லை.

நம் தோட்டத்தில் பழைய லயத்தில் ஒரு வரிசைதான் எஞ்சியிருக்கிறது. அதில் ஓர் அறையை ஒதுக்கினால் போதும். பால் வெட்டும் உளி, மங்கு, காண்டா வாளி, தலையில் கட்டிய விளக்கு, ஆயாக்கொட்டகைத் தூளி, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட பழைய செக்ரோல் புத்தகம் ஆகியவற்றை வைக்கலாம். அப்புத்தகத்தைத் தேடித் தருவது கிராணிமார் பொறுப்பு. உளியும் வாளியும் பாட்டிமார் வீட்டுப் பின்கட்டுகளில் இன்னும் கிடக்கின்றன, கேட்டால் கொடுப்பார்கள். அமைக்க முன்வரும் வாலிபர் சங்கத்தாரிடம் நமது வேண்டுகோள் ஒன்றே. அடுப்பு மூலையில் படிந்திருக்கும் கரியின்மேல் சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள்.