ஷாங்காய் இசைக் கல்லூரியின் ஆசிரியர்கள்: ஒரு மதிப்பீடு

ஷாங்காய் இசைக் கல்லூரி சீனாவில் உயர்கல்வி நிலையில் தொடங்கப்பட்ட முதல் இசைக் கல்லூரி. 1927 நவம்பர் 27 அன்று நிறுவப்பட்டது. கல்வியாளர் ட்சாய் யுவான்பெய் அதன் முதல் தலைவர். நடைமுறையில் கல்லூரியை உருவாக்கி நடத்தியவர், ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் இசை பயின்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய சியாவ் யூமெய்.

இக்கல்லூரி ஆசிரியர்களைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டு வகை எழுத்துகளே உள்ளன. ஒன்று, பட்டம், பரிசு, பதவி என வரிசைப்படுத்தும் அறிமுகக் குறிப்புகள். மற்றொன்று, இவர்கள் ஐரோப்பிய இசையை நகல் எடுத்தவர்கள் என்னும் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டு ஒரு காலத்தில் உயிர்களைப் பறித்தது. மென்மையான வடிவில் இன்றும் சொல்லப்படுகிறது. இவர்கள் எழுதிய இசையையும் கற்பித்த முறையையும் பார்த்தால் அதற்கு அடிப்படை மிகக் குறைவு என்பது தெரியும்.

அயல்நாட்டு ஆசிரியர்கள்

தொடக்க ஆண்டுகளில் கல்லூரியின் தரத்தை நிர்ணயித்தவர்களில் ரஷ்யப் பியானோ கலைஞர் போரிஸ் ஜகாரோவ் முக்கியமானவர். புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டு வந்த அவர் 1929 முதல் இங்கே கற்பித்தார். அவருடைய மாணவர் டிங் ஷான்டே 1935இல் ஷாங்காயில் தனிக் கச்சேரி நடத்தினார். சீனப் பியானோ கலைஞர் ஒருவரின் முதல் தனிக் கச்சேரியாக அது குறிப்பிடப்படுகிறது. பின்னர் பாரிஸில் இசையமைப்பு பயின்று, 1949இல் திரும்பிவந்து இதே கல்லூரியில் ஆசிரியரானார்.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி 1939இல் ஷாங்காய் வந்த யூதர் வொல்ஃப்காங் ஃப்ரெங்கெல் முன்னாள் நீதிபதி. ஷோன்பெர்கின் இசைக் கோட்பாட்டை ஷாங்காய் மாணவர்களுக்குக் கற்பித்தவர் அவர். அம்மரபில் வந்த சாங் டோங், வயலினுக்கும் பியானோவுக்குமாக 1947இல் எழுதிய ‘இரவுக் காட்சி’ சீனாவின் முதல் சுருதிமையமற்ற படைப்பாகக் கருதப்படுகிறது. ஆதார சுருதியென ஒன்றைக் கொள்ளாத இசை அது. சாங் டோங் பிற்காலத்தில் இக்கல்லூரியின் தலைவரானார். அகதியாக வந்த ஒரு நீதிபதியின் பாடம் இத்தனை தூரம் வந்ததற்குப் பட்டப் பட்டியல்களில் இடமில்லை.

ஹுவாங் ட்ஸுவும் ஹெ லூடிங்கும்

அமெரிக்காவில் ஓபர்லின், யேல் ஆகிய இடங்களில் பயின்ற ஹுவாங் ட்ஸு, கல்லூரியில் இசையமைப்புக் கல்விக்கு முறையான வடிவம் கொடுத்தவர். 1938இல் டைபாய்டு காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு வயது 34. அவர் எழுதியவை குறைவு. அவருடைய சாதனையை மாணவர்களிடமே தேட வேண்டும். அவர்களில் முதன்மையானவர் ஹெ லூடிங் (1903–1999).

1927இல் தென்சீன விவசாயிகளின் எழுச்சியில் பங்கேற்றுச் சிறை சென்றவர் ஹெ லூடிங். அதன்பிறகே கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கில இசையறிஞர் எபினேசர் பிரவுட்டின் ஹார்மனி பாடநூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். 1934இல் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்ஸாண்டர் செரெப்னின், சீனத் தன்மை கொண்ட பியானோ இசைக்கு ஒரு போட்டி அறிவித்தார். அதில் ஹெ லூடிங்கின் ‘இடையனின் குழல்’ முதல் பரிசு பெற்றது.

நகல் என்னும் குற்றச்சாட்டுக்கான பதில் இந்தச் சிறிய படைப்பிலேயே இருக்கிறது. இரு கைகளும் இரண்டு தனி மெட்டுகளை வாசிக்கின்றன. இரண்டும் ஐந்து சுரங்களில் அமைந்தவை. கர்நாடக இசை கேட்பவருக்கு மோகனம் நினைவுக்கு வரலாம். இடது கை வெறும் தாளமாகவோ பக்கபலமாகவோ ஒடுங்கவில்லை. ஒரு மெட்டு நீளும்போது மற்றது பேசுகிறது. இரு மெட்டுகளைப் பின்னும் இந்த உத்தி ஐரோப்பியக் கவுண்டர்பாயின்ட். ஆனால் பின்னப்படுபவை சீன மெட்டுகள், அவற்றின் நடை சீன நடை. நடுப்பகுதி சற்றே நடனத்தன்மையுடன் துள்ளுகிறது. அங்கே மட்டும் ஐரோப்பியச் சாயல் தூக்கலாக இருப்பதை மறுக்க முடியாது. சீனத் தன்மை வேண்டும் என்று கேட்டவர் ஒரு ரஷ்யர் என்பதையும், அதை நிறைவேற்றும் கருவியாக ஐரோப்பியப் பாடநூலைப் பயன்படுத்தியவர் சிறை சென்ற புரட்சிக்காரர் என்பதையும் ‘நகல்’ என்ற சொல் விளக்காது.

1937இல் வெளிவந்த ‘தெருவின் தேவதை’ திரைப்படப் பாடல்களும், அதே ஆண்டின் ‘கொரில்லாப் பாடலும்’ அவருக்கு நாடு முழுவதும் புகழ் தந்தன. அப்போது அவருக்கு வயது 34. 1949இல் கல்லூரித் தலைவரான பின் அந்தத் தரத்தில் அவர் எழுதியவை மிகச் சில. இசையமைப்பாளராக அவர் தேங்கினார் என்ற மதிப்பீடு சரியானதே. நிர்வாகம் அவரை விழுங்கிவிட்டது.

1963 முதல் 1976 வரை

1963இல் யாவ் வென்யுவான் என்ற கட்சி விமர்சகர், பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் கட்டுரைத் தொகுப்பைத் தாக்கி எழுதினார். அவர் நூலைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று ஹெ லூடிங் புனைபெயரில் பதில் எழுதினார். வாசிப்புப் பிழையைச் சுட்டிய ஒரு ஆசிரியரின் எளிய திருத்தம் அது. பின்னாளில் ‘நால்வர் கும்பல்’ என்று பெயர்பெற்ற குழுவில் ஒருவரானார் யாவ். பண்பாட்டுப் புரட்சியில் அந்தத் திருத்தமும் ஹெ லூடிங்குக்கு எதிரான குற்றமாயிற்று. 1968இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கண்டனக் கூட்டத்தில், தன்மீது சொல்லப்பட்டவை பொய் என்று அவர் உரக்க மறுத்தார். ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. 1973 வரை சிறையில் இருந்தார்.

மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஜகாரோவின் மாணவியும் பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் மனப்பாடமாக வாசிக்கக்கூடியவர் என்று பெயர்பெற்றவருமான பேராசிரியர் லி ட்சுய்ஜென், இசை நடத்துநர் பயிற்சியின் பேராசிரியர் யாங் ஜியாரென், அவர் மனைவியும் ஆசிரியையுமான செங் ஜுவோரு ஆகிய மூவரும் 1966 செப்டம்பரில் சில நாட்கள் இடைவெளியில் தற்கொலை செய்துகொண்டனர். ஷாங்காய் நகராட்சி இசைக்குழுவில் வாசித்த முதல் சீனரான வயலின் கலைஞர் தான் ஷுஜென், மாடிப்படிக்குக் கீழே ஒரு சிற்றறையில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார். ஐசக் ஸ்டெர்னின் 1979 சீனப் பயணத்தைப் பற்றிய ஆவணப்படத்தில் அதை அவரே சொல்கிறார். அந்தக் குரலில் புகார் இல்லை, அதனாலேயே கேட்பதற்குக் கடினமாக இருக்கிறது.

எஞ்சும் விமர்சனம்

ஐரோப்பியச் சார்பு பற்றிய விமர்சனத்தில் உண்மையான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. சீன மரபிசைக்கான தனித் துறை 1956இல்தான் உருவானது. கல்லூரி தொடங்கி 29 ஆண்டுகள் கழித்து. 1959இல் மாணவர்கள் ஹெ ஜான்ஹாவோவும் சென் காங்கும் எழுதிய ‘பட்டாம்பூச்சிக் காதலர்கள்’ கான்செர்டோ இதற்கு நல்ல உதாரணம். யூவே நாடக மெட்டுகளும் எர்ஹு என்னும் இருநரம்பு வில்லிசைக் கருவியின் கமகங்களும் அதில் உள்ளன. ஆனால் அவற்றை வாசிப்பது வயலின். உலகம் அதைக் கொண்டாடியது. அந்தக் கமகங்களின் மூலவர்களான எர்ஹு கலைஞர்களுக்கு அதே புகழ் கிடைக்கவில்லை.

மரபிசைத் துறைக்குத் தலைமை ஏற்ற வெய் ஜொங்லெ, பட்டம் பெற்று வந்தவர் அல்ல. ஷாங்காயின் இசைச் சங்கங்களில் கற்றவர். 1938இல் அமெரிக்காவில் கச்சேரி செய்தவர். குருவின் கையைப் பார்த்துப் பழகும் வழி அவருடையது. துறை அமைந்தபின் அவருடைய பீபாவும் எர்ஹுவும், வயலின் வகுப்பைப் போலவே, அச்சிட்ட சுரக்குறிப்பு, பயிற்சித் துண்டுகள், தேர்வு என்ற முறைக்குள் வந்தன. மாணவர்களின் விரல் வேகம் கூடியது. ஒரே மெட்டைக் குருவுக்குக் குரு வேறுவிதமாக வாசித்த வழக்கம் குறைந்தது.