கண்ணகியின் அறிவும் நமது விமர்சனமும்

வன்னி மக்களுக்குக் கண்ணகி ஏட்டில் மட்டும் வாழும் பாத்திரமல்லள். நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிலே அவள் தெய்வம். வைகாசிப் பொங்கலுக்கு ஆயிரமாயிரமாய் மக்கள் அங்கு கூடுகின்றனர். முல்லைத்தீவு மண்ணிலே கோவலன் கூத்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளது. இத்துணை நெருக்கமாக நாம் அறிந்த கண்ணகியின் குணங்களுள் ஒன்றை மட்டும் நமது விமர்சனம் ஏறக்குறைய மறந்தே போயிற்று. அது அவளது அறிவு.

கற்பு என்றும் சினம் என்றும் பக்கம் பக்கமாக எழுதியுள்ளோம். மதுரை எரிந்த கதையை மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் மதுரை எரிந்தது பின்னர். வழக்கு வென்றது முன்னர். அவ்வழக்கை வென்றது நெருப்பா, நியாயமா?

வழக்குரை காதையை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். தோற்றத்தில் ஒத்த இரு சிலம்புகள். குற்றஞ்சாட்டியவன் அரண்மனைப் பொற்கொல்லன். அவன் சொல்லை நம்பி, விசாரணையின்றித் தண்டனை விதித்தவன் அரசன். மறுத்துரைக்க வேண்டிய கோவலனோ கொலையுண்டு கிடக்கிறான். புறத்தோற்றத்தைக் கொண்டு தீர்க்கவியலாத இச்சிக்கலிலே, வேறுபாடு சிலம்பின் உள்ளே இருக்கிறது என்பதைக் கண்ணகி பற்றிக்கொள்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலிலேயே கூறிவிடுகிறாள். அரசியின் சிலம்பிலே உள்ளது முத்து என்பது அரசன் வாயிலிருந்தே வெளிப்படுகிறது. அதன் பின்னரே சிலம்பு உடைபடுகிறது. முதலிற் கூற்று, அடுத்து எதிர்த்தரப்பின் வாக்குமூலம், இறுதியில் எல்லோர் கண்முன்னும் சோதனை. ஆய்வுகூடத்திலே நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் முறை இதுவன்றி வேறென்ன?

இச்சோதனையை அரசன் முன்னரே செய்திருக்கலாம். தன் மனைவியின் சிலம்பில் இருப்பது முத்து என்பது அவனுக்குத் தெரியும். கைப்பற்றிய சிலம்பின் ஒரு பரலைப் பார்த்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். அவன் அறிவிலி என்பதற்கில்லை. வினவாமலே தீர்ப்பளிக்க அதிகாரம் இடங்கொடுத்தது. ஆதலின் வினா எழவில்லை. வினாவைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத ஒருத்தியே வினவினாள்.

“கவிஞரே அவளைத் தெய்வமாக்கினாரன்றோ?” எனச் சிலர் கேட்கலாம். ஆக்கினார்; ஆனால் வழக்குக்கென ஒரு காதையையும் ஒதுக்கினார். மட்டக்களப்பு மக்கள் கோயில்களிலே பாடிவரும் காவியத்தின் பெயரே ‘கண்ணகி வழக்குரை’. பண்டிதர்கள் மறந்ததைப் பாமரர் மறக்கவில்லை.

இம்மறதி இலக்கியத்தோடு நிற்பதில்லை. “பெண்பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதற்கு?” என்ற கேள்வி இன்றும் நம் வீடுகளில் ஒலிக்கிறது, ஆசிரியர் அறைகளிலுங்கூட ஒலிக்கிறது. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பொறியியற் பீடங்களிலோ அவர்கள் சிறுபான்மையினர். இதனை இயற்கையின் நியதி என்போர்க்கு, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்டலாம். வடகிழக்கு இந்தியாவில் அயலயலே வாழும் காசி, கார்பி என்னும் இரு பழங்குடியினருள் ஏறத்தாழ 1300 பேரிடம், நான்கு துண்டுகளைப் பொருத்தி உருவமமைக்கும் புதிர் கொடுக்கப்பட்டது. சொத்து மகன்வழிச் செல்லும் கார்பி மக்களிடையே ஆண்களே விரைந்து முடித்தனர். சொத்து இளைய மகளைச் சேரும் காசி மக்களிடையே ஆண், பெண் வேறுபாடு காணப்படவில்லை. ஓர் ஆய்வு முடிந்த முடிபாகாது என்பது உண்மையே. ஆயினும் புதிரை அவிழ்க்கும் திறனிலே காணியுறுதிக்கும் கல்விக்கும் பங்குண்டு என்பதை அது புறக்கணிக்க முடியாதவாறு காட்டுகிறது.

வன்னி இதனை வேறொரு வழியிற் கண்டது. 2009இல் யுத்தம் முடிந்தபின் குடும்பப் பாரம் முழுவதையும் தனித்துச் சுமந்த பெண்கள் இங்கு பலர். கண்ணிவெடி புதைந்த நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்து மீட்டோருள்ளும் பெண்கள் பெருந்தொகையினர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தில் அமர்ந்தனர். முன்னின்றோர் தாய்மார். அவர்களது கண்ணீரை எழுதிய பேனாக்கள் பல. ஆனால் அவர்கள் வைத்த கோரிக்கையை உற்றுநோக்குக: படையினரிடம் சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியலை வெளியிடுக! சான்று அரண்மனைக்குள்ளே இருக்கிறது, திறந்து காட்டுக என்பதே அதன் பொருள். இது அழுகை மட்டுமன்று, வழக்குரை.

ஆதலின் ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. வழக்குரை காதையைக் கற்பிக்கும்போது கண்ணகியின் கூந்தலையும் கண்ணீரையும் விளக்குவதோடு அமையாது, அவள் வாதத்தின் படிகளையும் கரும்பலகையில் எழுதுவோம். அறிவைத் தெய்வத்தின் சீற்றமாக மாற்றிப் பீடத்தில் ஏற்றிவைத்தது போதும். வகுப்பின் பின்வரிசையில் விடை தெரிந்தும் வாய் திறவாதிருக்கும் பெண்பிள்ளைக்குப் பீடம் வேண்டியதில்லை. பேச இடம் வேண்டும்.