டிக் அடித்த பிறகு

ஆஸ்பத்திரிகளின் தரம் பற்றி எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் யாராவது ஒருவர் அதுல் கவாண்டேயின் ‘தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ’வைக் கையில் எடுத்துவிடுகிறார். 2009 கடைசியில் வெளிவந்த புத்தகம். போன வாரம் மறுபடி படித்தேன். எடுத்தால் கீழே வைக்க முடியாத நடை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதைப் பாராட்டுகிறவர்கள் நடுவில் நாலு பக்கத்தை விட்டுவிட்டுப் படித்திருக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

கவாண்டே பாஸ்டனில் சர்ஜன். அப்பா மகாராஷ்டிராவில் உட்டி என்கிற கிராமத்துக்காரர். அதனாலோ என்னவோ, கிராமத்து ஆஸ்பத்திரி என்றால் இவருக்கு இளக்காரம் கிடையாது. அவர் சொல்ல வருவது எளிய விஷயம்: நிபுணர்கள் தவறுவது பெரும்பாலும் தெரியாததால் அல்ல, தெரிந்ததைச் செய்ய மறப்பதால். அதற்கு ஒரு தாள் போதும்.

உதாரணத்துக்கு விமானத்தைக் கொண்டு வருகிறார். 1935 அக்டோபரில் போயிங் கம்பெனியின் புது குண்டுவீச்சு விமானம் சோதனை ஓட்டத்தில் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் கைதேர்ந்த பைலட். ஒரு பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். பிறகு பைலட்டுகள் செய்தது கூடுதல் பயிற்சி அல்ல. கிளம்பும் முன் பார்க்க வேண்டியதை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார்கள். அதே விமானம்தான் பின்னால் பி-17 ஆகி உலகப் போர் முழுக்கப் பறந்தது.

இதே அட்டையை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனார் கவாண்டே. உலக சுகாதார நிறுவனத்துக்காக 19 அம்சப் பட்டியல் ஒன்று. டெல்லி, லண்டன், மணிலா, தான்சானியாவின் இஃபாகாரா உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். பெரிய ஆபரேஷனுக்குப் பின் ஏற்படும் சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்தன. இறப்பு 1.5-லிருந்து 0.8. ஒரு தாள் செய்த வேலை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நிதி ஒதுக்க வேண்டாம், ஆள் போட வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்தால் போதும். அரசாங்கங்களுக்கு இதைவிடப் பிடித்த சீர்திருத்தம் இருக்க முடியாது.

இப்போது அந்த நாலு பக்கம்.

பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்கிற டாக்டரின் கதை அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் பெரிய ரத்தக்குழாயில் ட்யூப் போடும்போது தொற்று வராமலிருக்க ஐந்தே ஐந்து விதிகள் எழுதினார். கை கழுவு, தோலைக் கிருமிநாசினி சோப்பால் துடை, உடம்பு முழுக்க மூடு என்கிற மாதிரி. அமெரிக்காவில் மிஷிகன் மாநிலம் முழுக்க இதைச் செய்தபோது தொற்று மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. எல்லோரும் சொல்லும் கதை இவ்வளவுதான்.

புத்தகத்தில் இருப்பது இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஆஸ்பத்திரியின் மேல்மட்ட நிர்வாகி ஒருவர் பொறுப்பு. அவர் ஏ.சி. அறையை விட்டு இறங்கி வார்டுக்கு வந்து, என்ன குறை என்று கேட்க வேண்டும். வந்து பார்த்தால், பட்டியலில் எழுதியிருக்கிற அந்த சோப்பு மூன்றில் ஒரு பங்கு இடங்களில்கூட இல்லை! நிர்வாகி உத்தரவு போட்டார், சில வாரங்களில் வந்து சேர்ந்தது. இன்னொன்று: டாக்டர் ஒரு விதியைத் தாண்டினால் நர்ஸ் தடுக்கலாம், தடுத்தால் நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

ஆக, அங்கே தொற்றைக் குறைத்தது தாள் மட்டுமா? சோப்பும், அதை வாங்கித் தரும் அதிகாரமும், “டாக்டர், கொஞ்சம் நில்லுங்க” என்று ஒரு நர்ஸ் பயமில்லாமல் சொல்ல முடிந்ததும் சேர்ந்துதான். இதை எழுதியவர் கவாண்டேதான். ஆனால் நாலு பக்கத்தில் எழுதிவிட்டு, மிச்சப் புத்தகம் முழுக்கத் தாளின் பெருமை பாடுகிறார். என் புகார் இதுதான்.

வெறும் வாதமாக நின்றிருந்தால் விட்டிருக்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே பரீட்சை நடந்தது.

பிரசவத்துக்கென்று உலக சுகாதார நிறுவனம் 29 அம்சப் பட்டியல் தயாரித்தது. முதலில் கர்நாடகத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் முயன்றார்கள். 29-ல் சராசரி 10 காரியம் நடந்துகொண்டிருந்த இடத்தில் 25 நடந்தது. உற்சாகமாக உத்தரப் பிரதேசம் போனார்கள். 24 மாவட்டங்கள், 120 அரசு நிலையங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தாய்மார்கள். பாதி இடங்களில் பட்டியல், கூடவே எட்டு மாதம் பயிற்சியாளர்கள் வந்து பக்கத்தில் நின்று ஊக்கம் கொடுத்தார்கள். மீதிப் பாதி வழக்கம்போல.

முடிவு 2017 டிசம்பரில் வந்தது. பட்டியல் கொடுத்த இடங்களில் இரண்டாவது மாதத்தில் செய்ய வேண்டிய காரியங்களில் கிட்டத்தட்ட 73 சதவீதம் நடந்தது. மற்ற இடங்களில் 42. பயிற்சியாளர்கள் கிளம்பிப்போன பிறகு, பன்னிரண்டாவது மாதத்தில் 73 என்பது 62-க்கு இறங்கிவிட்டது. சரி, அதுகூடப் பரவாயில்லை. தாய் அல்லது குழந்தை இறப்பு, தாய்க்குக் கடும் பாதிப்பு, எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் பட்டியல் இருந்த இடத்தில் 15.1 சதவீதம். இல்லாத இடத்தில் 15.3.

வித்தியாசம் இல்லை என்று அர்த்தம்.

இது ஏன் என்று ஆராய்ச்சியாளர்கள் பல காரணம் சொன்னார்கள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பட்டியல் “பி.பி. பார்” என்கிறது. நர்ஸ் பார்க்கிறார். 170/110. அடுத்து? மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி அலமாரியில் இருக்க வேண்டும், போடத் துணிச்சல் வேண்டும், சிசேரியன் நடக்கும் ஊருக்கு ஆம்புலன்ஸ் வேண்டும், அங்கே மயக்க மருந்து டாக்டர் அன்றைக்கு லீவில் இல்லாமலிருக்க வேண்டும். ரத்தப்போக்கு என்றால் ரத்தம் வேண்டும். இந்தச் சங்கிலியில் பட்டியல் முதல் கண்ணி மட்டும். 2005-ல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம் பணம் கொடுத்துப் பெண்களை ஆஸ்பத்திரி வாசலுக்கு அழைத்து வந்துவிட்டது. வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டியல் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

“கேஸ் ஷீட்டோட சேர்த்துப் பின் பண்ணி வெச்சிருப்போம் தம்பி. நைட்ல ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு வலி வந்துடும். நான் ஒருத்தி, ஆயாம்மா ஒருத்தி. குழந்தையப் புடிப்பேனா, பேனாவைப் புடிப்பேனா? காலைல டியூட்டி முடியறப்ப உக்காந்து எல்லாத்துக்கும் மொத்தமா டிக் போட்டுருவேன்.”

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பிடித்த குழந்தைகள் நல்லபடியாகத்தான் வீட்டுக்குப் போயின. ஆனால் அந்தத் தாள் மாவட்டத் தலைநகருக்குப் போய் ‘நூறு சதவீதம்’ என்று ஒரு அறிக்கை ஆகியிருக்கும் அல்லவா? ஆபத்து அங்கேதான். கருவி தணிக்கைத் தாளாக மாறியதும் உண்மை சொல்வதை நிறுத்திவிடுகிறது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் தேவலாம். 1990-களின் நடுவிலேயே மருந்துக்குத் தனிக் கழகம் அமைத்து, கிராம நிலையம் வரைக்கும் மருந்து போக வழி செய்தார்கள். பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் போட்டு 24 மணி நேரப் பிரசவம் கொண்டு வந்தார்கள். பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் மாவட்ட ஆட்சியர் முன்னால், இறந்தவரின் உறவினரையும் அழைத்து, எங்கே தாமதமானது என்று விசாரிக்கும் முறை வந்தது. அங்கே டிக் எதுவும் பேசாது. மாமியாரோ அம்மாவோ பேசுவார்.

இதற்காகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். 2018 டிசம்பர், சாத்தூர். அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. சிவகாசி ரத்த வங்கியிலிருந்து, பரிசோதனையில் தேறிய ரத்தம் என்றுதான் அது வந்தது. அதே இளைஞர் 2016-லேயே ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே தொற்று தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக எங்கோ செய்த மெடிக்கலில் தெரியவந்ததும் பதறிப்போய் அவரேதான் வந்து சொன்னார். அத்தனை லெட்ஜர்களும் முத்திரைகளும் கண்டுபிடிக்காததை, ரத்தம் கொடுத்த பையன் சொல்ல வேண்டியிருந்தது. சில நாட்களில் விஷம் குடித்து அவரும் போய்விட்டார். ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்ததாகச் செய்தி வந்தது. ஒரு வங்கியில் எத்தனை பேர் வேலை, ஒரு நாளைக்கு எத்தனை பை, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது என்ற கேள்விகளை டி.வி. விவாதங்களில் நான் அதிகம் கேட்கவில்லை.

மத்திய அரசும் 2017 டிசம்பரில் பிரசவ அறைகளின் தரத்துக்கு ‘லக்ஷ்யா’ என்று திட்டம் தொடங்கியது. மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் உண்டு. நல்லதே. மதிப்பிட வருகிறவர் சுவரில் ஒட்டிய தாள்களை எண்ணாமல், இரவு இரண்டு மணிக்கு வந்து குழாயைத் திறந்து பார்த்தால் இன்னும் நல்லது.

கவாண்டேக்குத் தர வேண்டிய மரியாதையைத் தந்துவிடுகிறேன். உத்தரப் பிரதேச ஆராய்ச்சிக் குழுவில் அவரும் ஒருவர். எட்டு ஊர் வெற்றியை 2009-ல் வெளியிட்ட அதே மருத்துவ இதழில், பலனில்லாமல் போன இந்த முடிவையும் பெயர் போட்டு வெளியிட்டார். நம் ஊரில் இப்படி ஒரு திட்டம் பலிக்கவில்லை என்று அதை வகுத்தவரே கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

புத்தகத்தை வாங்கலாம். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அடுத்த பதிப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி, மிஷிகன் சோப்புக் கதைக்குப் பக்கத்தில் அதை வைத்தால் இன்னொரு பிரதி வாங்கி அந்த அக்காவுக்குக் கொடுப்பேன்.