மணலுக்குள் ஓர் ஆறு

திருமலைக்குக் கீழே திருச்சானூர் வழியாக ஓடும் சுவர்ணமுகி, தமிழில் பொன்முகலி. வருடத்தில் பெரும்பாலும் மணலாகத்தான் தெரியும். அதைப் பார்த்து ஆறு செத்தது என்று சொல்பவர் ஊற்றுக்காலைப் பார்த்ததில்லை.

மணலுக்கடியில் நீர் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். படுகையின் மேல்பக்கத்தில் ஆழமாகத் தொடங்கி, ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் ஒரு கால் வெட்டுவார்கள்; அதுதான் ஊற்றுக்கால். ஊறும் நீர் அதில் சேரும். கீழே போகப்போக ஆறு தாழும். கால் அவ்வளவு தாழாது. ஒரு கட்டத்தில் நீர் தானாகவே கரைமட்டத்துக்கு வந்து வயலுக்கோ ஏரிக்கோ பாயும். ஏற்றமில்லை, மாடில்லை. வெள்ளம் வந்தால் கால் தூர்ந்துபோகும். ஊரே கூடி மறுபடி வெட்ட வேண்டும். அந்தத் தொந்தரவுதான் ஊரை ஊராக வைத்திருந்தது என்பது என் கட்சி.

விஜயநகரக் காலத்தில் திருமலைக் கோயில் செய்த காரியம் இன்னும் ருசியானது. பெருமாளுக்கு உணவு படைக்கும் தளிகைக் கட்டளைக்கென்று பக்தர் கொடுத்த பணத்தைக் கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டப் போட்டார்கள். கூடுதல் விளைச்சலிலிருந்து தளிகை நடந்தது. இதைச் சொல்லும் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன.

பின்னர் ஆழ்துளைக் கிணறு வந்தது, மணல் லாரியில் போனது, கரையில் வீடுகள் முளைத்தன. 2021 நவம்பர் மழையில் சுவர்ணமுகி கரையை அரித்து, திருச்சானூரில் ஒரு வீட்டை அப்படியே இழுத்துக்கொண்டது.