பூனைக்கு மணி கட்டியவர்கள்

எலிகள் மகாநாடு கூட்டிய கதை நமக்குப் பழக்கமானது. பூனைக்கு மணி கட்ட வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதமில்லை. கட்டுவது யார் என்ற கேள்வியில்தான் சபை கலைந்தது. அந்தக் கதையையே பெயராக வைத்து, 2014-ல் 'பெல்லிங்கேட்' என்ற குழுவை ஆரம்பித்தவர் எலியட் ஹிக்கின்ஸ் என்ற இங்கிலீஷ்காரர். 2021-ல் அவர் வெளியிட்ட 'வி ஆர் பெல்லிங்கேட்' என்ற புத்தகத்தை யுத்தப் புத்தகம் என்று நினைத்து எடுத்தேன்; வாசிப்பதைப் பற்றிய புத்தகம் என்று மூடி வைத்தேன்.

ஹிக்கின்ஸ் போர்வீரர் அல்ல. அரபு மொழியும் அறியாதவர். சிரியா யுத்தத்தில் சிக்கியவர்கள் எடுத்து இணையத்தில் போட்ட படங்களை, 2012 முதல் லெஸ்டர் நகரத்து வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தார். அவற்றில் ஒரு விசித்திரமான ராக்கெட் தென்பட்டது. மெலிந்த மோட்டார் குழாய்; அதன் தலையில் பொருத்தமில்லாத பருமனில் ஒரு பீப்பாய். எந்தத் தேசத்து ஆயுதப் பட்டியலிலும் காணாத ஒட்டுவேலை. வால் இறக்கை, மேலே தீட்டிய எண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் குறித்து வைத்தார். 2013 ஆகஸ்டு 21-ந் தேதி, டமாஸ்கஸ் அருகே கூட்டாவில் விஷவாயு நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. அது ஸாரின் என்று அடுத்த மாதமே ஐ.நா. பரிசோதகர்கள் உறுதி செய்தார்கள். அங்கே மண்ணில் குத்தி நின்ற கூடுகள் ஹிக்கின்ஸுக்குப் புதியவை அல்ல. அதே ஜாதி ராக்கெட்டை அரசாங்கத் தரப்பினர் கையாளும் படங்களையும் அவர் எடுத்துக் காட்டினார்.

இன்னொரு சம்பவம். 2014 ஜூலை 17-ந் தேதி, கிழக்கு உக்ரேன் வானத்தில் மலேசிய விமானம் ஒன்று 298 உயிர்களோடு வீழ்த்தப்பட்டது. அதற்கு முந்தின மாதம் ரஷ்யாவுக்குள் சென்ற ராணுவ வண்டிகளின் படங்களில் ஒரு 'பூக்' ஏவுகணை வண்டி. அதன் பக்கவாட்டில் தொங்கும் ரப்பர் மறைப்பு கிழிந்திருந்தது. உக்ரேனில் எடுத்த படத்திலும் அதே கிழிசல்! கைரேகை மாதிரி அது வண்டியைக் காட்டிக் கொடுத்தது. குர்ஸ்க் நகரத்து 53-வது படைப்பிரிவின் வண்டியே அது என்று, 2018-ல் பல நாட்டுப் புலனாய்வுக் குழுவும் சொல்லிற்று. ரஷ்யா மறுத்தது. 2022 நவம்பரில் டச்சு நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, ஒருவரை விடுவித்தது. கதை எழுதுகிற எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு கிழிசலை இவ்வளவு பேச வைக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஆனால் குறை ஒன்று உண்டு. இங்கிலாந்துப் பதிப்பின் அட்டையில் 'மக்களுக்கான உளவு நிறுவனம்' என்று உபதலைப்புப் போட்டிருக்கிறார்கள். உளவாளி எப்படித் தெரிந்துகொண்டான் என்பதை மறைப்பான். முடிவை நம்பு என்பான். இவர்களோ வழியைத் திறந்து காட்டி, நீயும் நடந்து பார் என்கிறார்கள். சிறப்பே அதுதான். அதை மறைக்கிற பெயரை ஆசிரியர் ஏன் ஆசைப்பட்டுச் சூட்டிக்கொண்டார்? சில அத்தியாயங்களில் துப்பறியும் வெற்றியின் குதூகலம் மேலோங்கி, செத்தவர்கள் பின்னால் போய்விடுகிறார்கள் என்பதும் என் மனத்தாங்கல்.

இந்த வாசிப்புக்கு உண்மையான பரீட்சை, தடயம் நம் விருப்பத்துக்கு எதிராகப் பேசும்போதுதான். 2023 செப்டம்பர் 6-ந் தேதி, உக்ரேனின் கோஸ்தியாந்தினிவ்கா சந்தையில் ஏவுகணை விழுந்து குறைந்தது 15 பேர் மாண்டார்கள். ரஷ்யாவின் வேலை என்று உக்ரேன் ஜனாதிபதி உடனே சொன்னார். உலகத்தில் பலரும் நம்பினார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையினர் காமிராப் படத்தை நிதானமாகப் பார்த்தார்கள். நடந்து போனவர்கள் சத்தம் வந்த திசையில் தலையைத் திருப்புகிறார்கள். நின்றிருந்த கார்களின் கூரையில் பறந்து வரும் ஏவுகணையின் பிம்பம் ஓடுகிறது. அது வந்தது வடமேற்கிலிருந்து, உக்ரேன் வசமிருந்த பக்கத்திலிருந்து. சிதறல்களும் சேர்ந்து, குறி தவறிய உக்ரேனின் 'பூக்' ஏவுகணையாகவே இருக்க வேண்டும் என்று காட்டின. அனுதாபம் உக்ரேன் பக்கம் இருந்த வாசகர்களிடமே அதை எழுதினார்கள்.

செத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர்களைக் கொன்றது எது என்று பொய்யில்லாமல் சொல்வது. பூனைக்கு மணி கட்டுவது பெரிய காரியந்தான். நம் வீட்டுப் பூனையின் கழுத்திலும் அது ஒலிக்க வேண்டும்.