கன்வேயர் படம் காட்டாத கரை

கடல் நீரோட்டங்களைப் பற்றிய நூல்கள் பலவற்றில் ஒரு படத்தைக் காணலாம். சிவப்புப் பட்டை ஒன்று கடல்களின் மேற்பரப்பில் வளைந்து செல்லும். வட அட்லாண்டிக்கை அடைந்ததும் நீலமாக மாறி, கீழே இறங்கி, ஆழத்தின் வழியே திரும்பும். அமெரிக்க விஞ்ஞானி வாலஸ் புரோக்கரின் கருத்தைக் கொண்டு 1987-இல் வெளிவந்த 'கன்வேயர் பெல்ட்' படம் அது. உலகக் கடல்கள் யாவும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை ஒரே பார்வையில் விளக்கிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு, "குளிர்ந்த நீர் கனமானது, ஆகவே மூழ்குகிறது" என்று முடிவு கட்டுவது சரியாகாது.

பள்ளிப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். நன்னீர் 4 டிகிரி சென்டிகிரேடில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகும். அப்படியானால் உறையும் நிலையிலுள்ள துருவ நீர் எப்படி மூழ்குகிறது? படம் இக்கேள்விக்கு விடை தருவதில்லை. விடை உப்பில் இருக்கிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இந்த அளவு உப்புள்ள நீர், உறையும் வரையில் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். அது உறைவதோ சுமார் −1.9 டிகிரியில்.

இனி அண்டார்க்டிகாவுக்கு வாருங்கள். ராஸ் கடலில் டெரா நோவா விரிகுடா என்றோர் இடம் இருக்கிறது. உயர்ந்த பனிப் பீடபூமியிலிருந்து சரிந்து வரும் கடுங்குளிர்க் காற்று, அங்கே உறையும் பனிக்கட்டியை உடனுக்குடன் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. திறந்த நீர் மறுபடியும் உறைகிறது, மறுபடியும் தள்ளப்படுகிறது. கடல்நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டியில் தங்காமல் வெளியேறிவிடும். அவ்வுப்பை ஏற்ற நீர் கனத்துக் கீழிறங்கி, கண்டத்திட்டின் பள்ளங்களில் தேங்குகிறது. பிறகு பள்ளத்தாக்குகள் வழியே விளிம்பைத் தாண்டி, சுற்றியுள்ள நீருடன் கலந்தவாறே கண்டச்சரிவில் இறங்குகிறது. இதிலிருந்து உருவாவதே 'அண்டார்க்டிக் அடிநீர்'. நிலநடுக்கோட்டுக்கு அப்பாலும் பரவி, ஆழ்கடலுக்கு ஆக்சிஜனைக் கொண்டு செல்வது இந்த நீர்தான்.

1987-ஆம் ஆண்டுப் படத்தில் இவ்விடம் நீர் இறங்கும் இடமாகக் குறிக்கப்படவில்லை. இது சிறிய குறையன்று. வழுவழுப்பான அந்தப் பட்டையைப் பார்ப்பவருக்கு, கடலின் இயக்கம் எதனாலும் எளிதில் அசையாத பெரும் இயந்திரம் என்றே தோன்றும். உண்மையோ வேறு. கிழக்கு அண்டார்க்டிகாவில் மெர்ட்ஸ் பனியாற்றின் நாக்குப் போன்ற முனை கடலுக்குள் நீண்டிருந்தது. கிழக்கிலிருந்து மிதந்து வரும் பனிக்கட்டிகளை அது தடுத்ததால், அதன் மேற்கே நீர் திறந்திருந்து, ஓயாமல் உறைந்து வந்தது. 2010 பிப்ரவரியில் ஒரு பெரும் பனிப்பாறை மோதியபோது அந்நாக்கு முறிந்தது. பின்னர் அங்கே உறையும் பனியின் அளவு குறைந்தது; கண்டத்திட்டு நீரின் உப்பும் அடர்த்தியும் குறைந்தன. ஒரு தடுப்பு உடைந்ததும் கனத்த நீரின் ஊற்று ஒன்று தளர்ந்துவிட்டது! வெப்பம் ஏறிவரும் உலகில், உருகும் பனியாறுகளின் நன்னீரும் இதே உப்பை நீர்த்துப்போகச் செய்யும்.

ஆகவே, அந்தப் படத்தைத் தூக்கி எறிய வேண்டாம், திருத்திக்கொள்ளுங்கள். அண்டார்க்டிகாவின் கரையோரத்தில் கீழ்நோக்கிச் சில நீல அம்புகளைப் பென்சிலால் வரையுங்கள். பக்கத்தில் 'காற்று, பனிக்கட்டி, உப்பு' என்று எழுதிவையுங்கள். அப்போதுதான் படம் நிறைவு பெறும்.